போக வேண்டாம் என்று சொல்லும் வேலை

"அண்ணாச்சி, தாரா மொபைல்லேர்ந்து பூமாரியாக்கும் பேசுகேன். எங்களை விட்டுட்டுப் போறதா மெசேஜ் அனுப்பியிருக்கீங்கோ. நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. அடுத்த கம்பெனிக்காரன் ஒரு குடை தாறான்."

"ஒரு குடைக்காகவா? ஆறு வருஷத்து உறவு அண்ணாச்சி, ஒரு மழைக்குத் தாங்காதா?"

மறுமுனையில், சாலைக் கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவே, இரும்புக் கடை பகவதிப்பெருமாள் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, நீ என்ன தருவே?" என்றார். மாதம் நூறு நிமிஷம் சும்மா பேசிக்கொள்ளலாம் என்றாள் பூமாரி. "நூத்தம்பதாக்கு" என்றார். ஆக்கினாள். அவர் தங்கிவிட்டார்.

இது 2011-இல் நடந்த பேச்சு. பூமாரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள்.

அந்த வருஷம்தான், நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று வந்தது. போக நினைப்பவர்கள் 'போர்ட்' என்று அடித்து 1900 என்ற எண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் பழைய கம்பெனியிலிருந்து போன் வரும். வரும் குரல் கெஞ்சும், கொஞ்சும், கேட்டதைக் கொடுக்கும். அப்படிக் கூப்பிடுபவர்களுக்கு ஆபீஸில் ஏதோ ஆங்கிலப் பெயர் இருந்தது. ஊரில் யாராவது கேட்டால் பூமாரி, "போகாண்டாம்னு சொல்லுற வேலை" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மையிலேயே அதுதான் வேலை.

கேரளத் தலைநகரில், தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மேல் நாலாவது மாடி. அங்கே தமிழ் பேசுகிறவர்களுக்கென்றே ஒன்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேரளத்தில் எதற்குத் தமிழ் வரிசை? தமிழின் மேல் யாருக்கும் காதல் வந்துவிடவில்லை. சாலை வியாபாரிகளும் கரமனை அக்ரஹாரத்துக்காரர்களும் மூணாறு எஸ்டேட் ஆட்களும் தமிழில்தான் சண்டை போடுவார்கள் என்று போட்டிக் கம்பெனி ஒன்று கண்டுபிடித்து, தமிழில் பதில் சொல்ல ஆள் வைத்தது. பதினைந்து நாளில் தாராவும் வைத்தது. வைக்காவிட்டால் அவன் கொண்டுபோய்விடுவானே என்ற பயம். சாலைக் கடைத்தெருவில் அப்போது பதினோரு கம்பெனிகளின் போர்டுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தொங்கின. அந்தப் பதினோரு பேரின் பயத்தில்தான் ஒன்பது பெண்களுக்கு நாற்காலி கிடைத்தது.

பயிற்சி கொடுக்க வந்த மனிதர் முதல் நாளே பலகையில் பெரிதாக எழுதிக் கோடு போட்டார்: 'உங்க இஷ்டம்' என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. அந்த இரண்டு வார்த்தைதான் வாடிக்கையாளரை வாசலுக்கு வெளியே தள்ளும் என்றார்.

மற்றப் பெண்கள் குறித்துக்கொண்டார்கள். பூமாரிக்கு மட்டும் பலகை கலங்கித் தெரிந்தது.

அதற்கு மூன்று வருஷம் முன்பு, ஆரியசாலை வாடகை வீட்டில், கணவன் ஹரிகுமார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கோயம்புத்தூர்ல லேத் வேலை இருக்கு, போகட்டா?" என்று கேட்டபோது அவள் சொன்ன வார்த்தையும் அதுதான். அவன் ஒரு நிமிஷம் நின்றான். அந்த ஒரு நிமிஷம் அவன் எதற்காக நின்றான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. செருப்பைத் தேடி நின்றிருக்கலாம். அவள் மனசு அப்படி நினைக்கச் சம்மதிக்கவில்லை. அவன் திரும்பி வரவில்லை. அங்கே அவனுக்கு வேறு வீடு, வேறு மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆள் வந்து சொன்னபோது பூமாரி அழக்கூட இல்லை. வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

'போகாதீங்க' என்று கட்டியவனிடம் சொல்லாத வார்த்தையை, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேரிடம் தினமும் எட்டு மணி நேரம் சொல்லும்படி விதித்ததே ஒரு வேலை! சொன்னாள். மனசார, தொண்டை வற்றச் சொன்னாள். அவளைப் போல ஆட்களைத் தங்க வைப்பவர் அந்த மாடியில் யாரும் இல்லை.

அவளிடம் போகிறேன் என்று சொன்னவர்களில் ஒருவர் மட்டும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கரமனை சுந்தரராமன். ஏஜீஸ் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி வாலாம்பாள் போய்ச் சேர்ந்த வருஷம், 2016-இல், முதல் மெசேஜ் அனுப்பினார். பூமாரி கூப்பிட்டு, முந்நூறு நிமிஷம் கொடுத்துத் தங்க வைத்தாள். சரியாகத் தொண்ணூறு நாள் கழித்து மறுபடியும் மெசேஜ். மறுபடியும் குறைகள், மறுபடியும் முந்நூறு நிமிஷம். நாலாவது தடவை அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. கொடுத்த நிமிஷங்களில் ஒன்றைக்கூட அவர் செலவழித்திருக்கவில்லை. கூப்பிட அவருக்கு யாரும் இல்லை. டொராண்டோவில் இருக்கும் மகன் சுமந்த் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து நிமிஷம் கூப்பிடுவான். மற்றபடி அந்த போன் அடிப்பது, அவர் போகிறேன் என்று சொன்னால் மட்டும்தான்.

புதிதாக ஒரு கம்பெனியில் சேர்ந்தவர் தொண்ணூறு நாள் ஆகாமல் வேறு கம்பெனிக்குப் போக முடியாது என்று ஒரு விதி உண்டு. ஆடிட்காரர் அதைப் படித்துவிட்டு, எல்லாருக்குமே தொண்ணூறு நாளைக்கு ஒரு முறைதான் மெசேஜ் அனுப்ப உரிமை என்று எடுத்துக்கொண்டிருந்தார். காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக் காத்திருப்பாராம். பழைய வாடிக்கையாளர் எந்த நாளும் அனுப்பலாம். பூமாரி அதைச் சொல்லித் திருத்தவில்லை. சொன்னால் அவர் வாரா வாரம் அனுப்புவார். சும்மா அனுப்புகிறவர் என்று மேலே கண்டுபிடித்துப் பட்டியலில் போடுவார்கள். பிறகு கூப்பிடவே விடமாட்டார்கள். வருஷத்துக்கு நாலு போன். அது போதும் என்று இருவருமே இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கரமனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி அக்ரஹாரத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். திரையில் அவருடைய ஊர்ப் பெயர் மட்டும்தான் வரும், வீட்டு நம்பர் வராது. யாரிடமாவது கேட்கலாம். கேட்டு, கதவைத் தட்டி, என்னவென்று சொல்வது? 'உங்களைப் போக வேண்டாம்னு சொல்றவ நான்தான்' என்றா? ஆற்றங்கரை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

இதற்கிடையில் பதினோரு கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. ஒன்று மூடியது, ஒன்றை இன்னொன்று வாங்கியது, இரண்டு சேர்ந்து ஒன்றானது. சாலையில் போர்டு எழுதுகிறவருக்கு மட்டும் நல்ல வேலை. கடைசியில் தாராவும் வடக்கத்திப் பெரிய கம்பெனி ஒன்றோடு இணைந்தது. அன்றைக்கு ஆபீஸில் கேக் வெட்டினார்கள், எல்லாருக்கும் புது நிறத்தில் சட்டை கொடுத்தார்கள். மலையாள வரிசை ஷிஜா கேக்கைப் பூமாரியின் வாயில் ஊட்டிவிட்டு, "சேச்சி, இனி நம்மள் வலிய கம்பெனி" என்றாள். பெரிய கம்பெனிக்குத் தமிழ் வரிசை அதிகப்படியாகத் தெரிந்தது. ஒன்பது பேர் ஐந்தானார்கள், ஐந்து பேர் இரண்டு, பிறகு பூமாரி மட்டும். அவளைச் சுற்றி எட்டு காலி நாற்காலிகள். யாரோ அவற்றின் மேல் பழைய கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்தார்கள்.

மிஞ்சிய கம்பெனிகள் எல்லாம் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. இருபத்தெட்டு நாளைக்கு ஒரு முறை பணம் கட்டாவிட்டால் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும் என்றார்கள். ஜனங்கள் கொதித்து மெசேஜ் அனுப்பினார்கள். திரையில் மழை போல வந்து விழுந்த பெயர்களைப் பார்த்துப் பூமாரிக்குச் சந்தோஷம் பொங்கியது. இத்தனை பேர் போகிறேன் என்கிறார்களே! முதலில் பகவதிப்பெருமாள் அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, போகாதீங்கோ."

"நீயா! எங்கடி போறது? அங்கேயும் இதே ரேட்டு, அந்த இன்னொருத்தன்கிட்டயும் இதே ரேட்டு. கோபத்துல அடிச்சு விட்டேன். மூணு பேரும் ஒரே இலையில சாப்பிடுகானுவ போல."

"கோபம் தீந்துதா?"

"நீ இப்போ என்ன தருவே, சொல்லு."

பூமாரியிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. புதுக் கம்பெனி எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. "நல்ல வார்த்தை தரேன் அண்ணாச்சி" என்றாள்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். "முன்னாடி நாலு பேரு என் கடை வாசல்ல வந்து நின்னு அண்ணாச்சி, அண்ணாச்சின்னு கெஞ்சுவான்" என்றார் அவர் மெதுவாக. "இப்போ நான் போனாலும் ஒண்ணுதான், இருந்தாலும் ஒண்ணுதான். யாருக்கும் நம்ம வேண்டாம், கேட்டியா." போனை வைத்துவிட்டார்.

அந்த மழையும் ஓய்ந்தது. போக இடம் இல்லாதவர்கள் போகிறேன் என்று எதற்குச் சொல்லப் போகிறார்கள்? சில நாட்கள் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்குக் கீழே தம்பானூரில் பஸ்கள் வந்து வந்து போகும்.

இந்த ஜூலையில் சூப்பர்வைசர் கிரீஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் அருகே உட்கார்ந்தான். நல்லவன்தான். கெட்ட சேதி சொல்லும்போது மேசையில் நகத்தால் கீறுவான்.

"சேச்சி, மேலேர்ந்து ஒரு காரியம் பறஞ்சிருக்கு. செப்டம்பர் முப்பதுக்குள்ளே தமிழ் டெஸ்க்ல முப்பது பேரைத் தங்க வெச்சுக் காட்டணும். முப்பது இருந்தா டெஸ்க் இருக்கும். இல்லேங்கில்..."

"இல்லேன்னா?"

"மெஷின் பேசும். தமிழ் வேண்டாம்னு வெச்சிட்டா மெஷினும் வேண்டாம்."

மூன்று மாதத்தில் முப்பது பேர். ஒரு காலத்தில் அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தங்க வைத்த கூட்டம் அது. மெலிந்துபோன பட்டியலிலிருந்து ஒவ்வொருவராகப் பிடித்தாள். ஒரு எஸ்டேட் கங்காணி, இரண்டு ஜவுளிக் கடைக்காரர்கள், மாப்பிள்ளையோடு சண்டை போட்ட கோபத்தில் கம்பெனியை மாற்றப் புறப்பட்ட ஒரு அம்மாள். எல்லாருமே போக இடம் இல்லாதவர்கள்தான். ஆனாலும் ஒவ்வொருவரிடமும், அவர்கள் போய்விட்டால் தன் உயிரே போய்விடும் என்பது போலப் பேசினாள். அது பொய்யும் இல்லை. அந்த நாற்காலி போனால், அவள் குரலை யாராவது காது கொடுத்துக் கேட்கும் இடம் இந்தப் பூமியில் வேறு இல்லை.

செப்டம்பர் முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் கணக்கு இருபத்தொன்பதில் நின்றது.

ஒருவர். ஒரே ஒருவர் வேண்டும். அவளுக்குப் பயம் இல்லை. அன்றைக்குச் சுந்தரராமனின் தொண்ணூறாவது நாள்.

பதினொன்று நாற்பதுக்குத் திரையில் அந்த வரி வந்தது. கரமனை, நம்பரின் நடுவே நட்சத்திரங்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரியும். வாடிக்கையாளரின் முழு நம்பரைப் பணியாளருக்குக் காட்டமாட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கிரீஷ் மூன்று விரலைக் காட்டி, பிறகு விரல்களை வளைத்து ஒரு பூஜ்யம் காட்டிச் சிரித்தான்.

"சார், நமஸ்காரம். நான் பூமாரி—"

"தெரியும், தெரியும். கம்பெனி பேரைச் சொல்லாதே. அதை நீ சொல்லி முடிக்கறதுக்குள்ளே நேக்குக் கால் வலிக்கறது. ரோட்டுல நின்னுண்டிருக்கேன்."

"வெயில்ல ஏன் சார் ரோட்டுல நிக்கறீங்க?"

"பின்னே? ஆத்துக்குள்ளே உன் கம்பெனிக்கு உசிர் இல்லையே. இருக்கட்டும், குறையை எழுதிக்கோ. ஒண்ணு, ரேட்டு. ரெண்டு, காலம்பற ஏழு மணிக்கு ஒருத்தி ஹிந்தியிலே கூப்பிட்டு ஏதோ பாட்டு வேணுமாங்கறா. மூணு, டவர். முன்னே உங்களுக்கு ஒண்ணு, அவாளுக்கு ஒண்ணுன்னு இங்கே ரெண்டு டவர் இருந்தது. சேந்தப்புறம் ரெண்டு எதுக்குன்னு ஒண்ணைக் கழட்டிண்டு போயிட்டான். கழட்டினது என் ஆத்துக்கு எட்டற டவர். நாலு, போன வெள்ளிக்கிழமை குளிமுறியிலே வழுக்கி விழுந்தேன். அஞ்சு—"

"சார், நில்லுங்க. நாலாவது என்ன சொன்னீங்க?"

"விழுந்தேன்னேன். ஒம்பது மணி இருக்கும். போன் மடியிலேயே இருந்தது. படுத்துண்டே அடிச்சேன், அடிச்சேன், போகலை. அவசரத்துக்கு ஏதோ தனி நம்பர் உண்டாமே, அது அந்த நேரத்திலே தோணித்தா? ஒரு மணிக்கு வேலைக்காரி வந்து தூக்கினா. முழங்கால் வீங்கியிருக்கு. எலும்புக்கு ஒண்ணும் இல்லேன்னுட்டார் டாக்டர். அது கெடக்கட்டும், அஞ்சாவது குறை—"

நாலு மணி நேரம்! நனைந்த குளியலறைத் தரையில், கையில் போனை வைத்துக்கொண்டு, எழுபத்தொன்பது வயசு மனிதர் நாலு மணி நேரம்! பூமாரி பேனாவைக் கீழே வைத்தாள். தான் ஒன்பது வருஷமாகப் போக வேண்டாம், போக வேண்டாம் என்று பிடித்து வைத்திருந்தது இந்தத் தரையில் விழுந்து கிடக்கத்தானா?

"டாக்டரை யார் சார் கூப்பிட்டா?"

"எதிர்த்த ஆத்து விஷ்ணுப்ரியா. பாங்க்லே வேலை. என் கட்டில்கிட்ட நின்னுண்டு அவ போன்லேர்ந்து பேசினா."

"அப்போ அவங்க கம்பெனி உங்க வீட்டுக்குள்ளே எடுக்குது."

"எடுக்கறது. அது அந்த இன்னொரு கம்பெனி. நமக்கென்ன?"

பூமாரி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் கிரீஷ் இன்னும் விரல் காட்டிக்கொண்டிருந்தான்.

"சார், நீங்க அதுக்குப் போயிடுங்க."

கரமனை ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீ பூமாரிதானே?" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"நான் இன்னும் குறையே சொல்லி முடிக்கலை. நீ போக வேண்டாம்பே, நான் சித்தே மொறைப்பேன், அப்புறம் நீ இவ்வளவு சொல்றதனாலே இருக்கேன்பேன். அதானே வழக்கம்?"

"வழக்கம் தெரியும் சார். இந்தத் தடவை போயிடுங்க."

"என்னை வேண்டாம்கறயா?"

கல்லுக்கும் ஈரம் வரும் குரல் அது. பூமாரி ஹெட்செட்டின் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, ஒரு முறை மூச்சை இழுத்து விட்டாள்.

"உங்களை வேணும்னாக்கும் சொல்லுகேன். நாளைக்கு மறுபடி விழுந்தா?"

"விழமாட்டேன். பிடிச்சுண்டு நடக்கறேன்." குரல் தணிந்தது. "குழந்தே, நான் ஒரு தடவையாவது நிஜமாப் போறதுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கேனா? நோக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுண்டா கூப்பிட்டே, இத்தனை வருஷம்?"

"கூப்பிட்டேன்."

அவர் தொண்டையைச் செருமினார். "அங்கே போனா தொண்ணூறு நாளைக்கப்புறம் யார் கூப்பிடுவா?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லியிருக்கலாம். பதினான்கு வருஷத்தில் எத்தனையோ இனிப்புப் பொய்கள் சொன்ன வாய்தான். "யாரும் கூப்பிடமாட்டாங்க சார்" என்றாள். "இப்போ யாரும் யாரையும் பிடிச்சு வெக்கறதில்லே. ஆனா விழுந்தா நீங்க கூப்பிடலாம். அது போதும். விஷ்ணுப்ரியா வீட்டுல இருக்காங்களா?"

"சரஸ்வதி பூஜைக்கு லீவு போட்டுண்டு இருக்கா."

"இப்படியே, போனை வெக்காம, அவங்களைக் கூப்பிடுங்க. நான் லைன்ல இருக்கேன்."

"அவளைப் போய் எதுக்கு உபத்ரவம்..."

"கூப்பிடுங்க சார்."

அவர் கூப்பிட்டார். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. ஒரு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. "என்ன மாமா, இந்தக் காலோட ரோட்டுல நின்னுண்டு?" என்று ஒரு இளம்பெண்ணின் குரல். அவர் தயங்கித் தயங்கிச் சொல்ல, "அய்யோ, இதை முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா? என் ஸ்கூட்டர்லயே போகலாம். ஆதாரை எடுத்துண்டு வாங்கோ" என்றது அந்தக் குரல். பூமாரி கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியே பார்ப்பது போல இருந்தது.

"குழந்தே, இருக்கியா? என் நம்பரை முழுசாச் சொல்றேன், மனசுல வெச்சுக்கோ. கம்பெனி கிம்பெனி வேண்டாம், நீ கூப்பிடு. இரு, ஆதாரை எடுத்துண்டு வந்துடறேன். வெச்சுடாதே."

"சார், முதல்ல நம்பரை—"

செருப்பு தேயும் சத்தம் கேட்டது. ஒரு கதவு கிறீச்சிட்டது. வீட்டுக்குள் அவர் கால் வைத்ததும் லைன் அறுந்தது.

மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மலையாளத்தில், ஹிந்தியில், ஆங்கிலத்தில் வந்தது. ஐந்து தடவை அடித்தாள். அவளுடைய ஆபீஸ் எண்ணுக்கு வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. கம்பெனி அப்படி வைத்திருந்தது. கடைசியில் திரை கேட்ட கட்டத்தில் 'போகிறார்' என்று பதிந்தாள்.

கிரீஷ் ஓடி வந்தான். "சேச்சி, இதெந்தா? நீங்களே போங்கோன்னு பறஞ்சோ?"

"பறஞ்சேன்."

"இருபத்தொன்பது!" அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பதிவான பேச்சைப் போட்டுக் கேட்டுவிட்டு வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. ஒன்றும் திட்டவில்லை. "ரிப்போர்ட் திங்களாழ்ச்சதான் போகும்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் சரஸ்வதி பூஜை, அதற்கு மறுநாள் விஜயதசமி. மெசேஜுக்குப் பதிலாக வரும் ரகசிய எண் நாலு நாள்தான் செல்லும். அதற்குள் அடுத்த கம்பெனியின் கடையில் போய்க் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையே அவர்கள் போயிருந்தால் திரையில் அந்த வரி மஞ்சளாகியிருக்கும். ஆகவில்லை. ஸ்கூட்டரில் ஏற முடியவில்லையோ? மனசு மாறிவிட்டாரோ? வீட்டில் தனியாக உட்கார்ந்து அவல் பொரியை வாயில் போட்டவளுக்கு அது இறங்கவில்லை. வெள்ளிக்கிழமையும் வரி வெள்ளையாகவே இருந்தது. மறுபடி விழுந்து கிடக்கிறாரோ?

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு வரி மஞ்சளானது.

பூமாரி கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த நொடி திரையில் ஒரு பெட்டி திறந்தது. போக விண்ணப்பித்தவர் ஒரு நாளைக்குள் மனம் மாறினால் ரத்து செய்யலாம். அதற்காகக் கடைசியாக ஒரு முறை கூப்பிட அனுமதி உண்டு. 'அழைக்கவும்', 'அழைக்க வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்கள்.

கிரீஷும் அதைப் பார்த்துவிட்டான். வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"சேச்சி, இப்பவும் சமயம் உண்டு. ஒரு வார்த்தை சொன்னா அவர் நிக்கும். ரிப்போர்ட் இன்னும் போகல்லே, செப்டம்பர் கணக்கு முப்பதாகும். அந்த டவர் விஷயத்தை நானே மேலே எழுதறேன்."

"எழுதினா டவரைத் திருப்பி வெப்பாங்களா?"

அவன் மேசையைக் கீறினான்.

அழைக்கலாம். அவர் இப்போது விஷ்ணுப்ரியாவோடு கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார்; லைன் நன்றாகக் கிடைக்கும். அந்தப் பாதி நம்பரை முழுசாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெறும் நம்பர் மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம். ஆனால் அவர், "போகட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால்? பதினான்கு வருஷம் ஒரே வார்த்தை சொல்லிப் பழகிய நாக்கு. அந்தக் குரலைக் கேட்டால் தன் வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதைக் கேட்டால் அந்த மனிதர் வீங்கிய முழங்காலோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்பதும் தெரிந்திருந்தது.

'அழைக்க வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

பெட்டி மூடிக்கொண்டது. கிரீஷ் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போனான். பட்டியலில் வேறு யாரும் இல்லை. ஷிப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"சேச்சி, கூப்பிட ஆளே இல்லல்லோ" என்றாள் ஷிஜா, தன் ஷிப்ட் முடிந்து பையை எடுத்துக்கொண்டு. "சீக்கிரம் போயிக்கூடே? வாங்கோ, ஒரு சாயா குடிக்கலாம்."

"நீ போம்மா" என்றாள் பூமாரி. "நான் அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன்."